இரண்டாவது கையெழுத்து

பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் எனக்குத் தெரியும். அரளி. முதல் வருடப் பிள்ளைகளை மூன்றாம் வருடப் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பயம் காட்டுவார்கள். ஒருமுறை பாத்ரூம் சுவரில் பென்சிலால் எழுதிக்கூட வைத்திருந்தார்கள். நான் அழிக்கச் சொல்லவில்லை. உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

என் பெயர் ஜெயசித்ரா. பெரம்பலூரில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் பதினான்கு வருடமாக டியூட்டர். மூன்றாம் வருடப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைக் காலை ஆறு மணிக்குக் கல்லூரி பஸ்ஸில் ஏற்றி, அரியலூரில் ஒரு ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டுக்குப் பயிற்சிக்குக் கூட்டிப்போவது என் வேலை. முப்பத்தெட்டுப் படுக்கைக்கு அந்த வார்டில் ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ். மீதி வேலையெல்லாம் என் பிள்ளைகள் கையில்தான் ஓடுகிறது.

அந்த வார்டில் என் சட்டம் ஒன்று இருந்தது. தப்புச் செய்தவள் தலையில் இருக்கும் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி நர்ஸ் மேசையில் வைத்துவிட வேண்டும். டூட்டி முடியும்வரை வெறுந்தலையோடு நின்று வேலை பார்க்க வேண்டும். நோயாளிகள் பார்ப்பார்கள், அவர்களுக்குத் துணைக்கு வந்தவர்கள் பார்ப்பார்கள். மறுநாள் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிவந்து மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கித் தர வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் அப்பாக்கள், செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு பிரின்சிபால் அறைக்கு வெளியே காத்து நிற்பார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் பாவம் பார்த்தால் நர்ஸ் உருவாக மாட்டாள் என்று நினைப்பேன்.

இந்தக் கல்வி ஆண்டில் ஜூலைக்குப் பிறகு அந்த மேசையில் ஒரு தொப்பி கூட இறங்கவில்லை. ஏழு மாதம். பிரின்சிபால் மீட்டிங்கில் எழுந்து நின்று சொன்னார், "ஜெயசித்ரா மேடம் பேட்ச்ல தப்பே கிடையாது." எல்லாரும் கை தட்டினார்கள். போன வாரம் கல்லூரியில் ஒரு படிவம் வேறு வந்தது. மாணவிகள் கற்றுக்கொள்ள உதவும் குணங்கள் ஆசிரியரிடம் இருக்கின்றனவா என்று பதினோரு கேள்விகள். பாட அறிவு, நேரம் தவறாமை என்று போய், ஒன்பதாவது கேள்வி: இவரிடம் தயங்காமல் சந்தேகம் கேட்க முடிகிறதா? பன்னிரண்டு பேரும் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தார்கள். படிவத்தை அவர்களிடம் கொடுத்து, பக்கத்திலேயே நின்று, திரும்ப வாங்கியவளும் நான்தான். அதில் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை என்பதை இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

அன்று செவ்வாய்க்கிழமை. ஏழரை மணிக்கு வார்டில் இன்சுலின் ஊசி போடும் நேரம். இன்சுலின் கொஞ்சம் கூடினாலும் ஆளைச் சாய்த்துவிடும் என்பதால் அதற்கு இரண்டு கையெழுத்து வேண்டும். ஊசியில் மருந்தை இழுத்தவள் ஒன்று போடுவாள். ஊசியைக் கையில் வாங்கி, கோட்டைப் பார்த்து, சரி என்று சொல்லும் டியூட்டர் இரண்டாவதைப் போட வேண்டும். எழுதி வைத்திருக்கும் முறை அது. நாங்கள் செய்யும் முறை வேறு. எட்டு நோயாளிகளின் சார்ட்டையும் மேசையில் அடுக்கி வைத்துவிடுவார்கள். நான் டீ குடித்துக்கொண்டே எட்டிலும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். ஊசியை நான் பார்த்து வருடக்கணக்காகிறது.

அப்படிப் போட்டுக்கொண்டிருக்கும்போது சத்யப்பிரியா வந்தாள். குரும்பலூர்ப் பிள்ளை. நன்றாகப் படிப்பாள், ஆனால் பேசினால் அடுத்த ஆளுக்குக் கேட்காது. கையில் ஊசித் தட்டு.

"மேடம், ஒரு டவுட்டு..."

"என்னாடி டவுட்டு, தேர்ட் இயர்ல? எத்தன யூனிட்டுன்னு சார்ட்டுல இருக்கா இல்லயா?"

"இருவது மேடம். ஆனா..."

"இருவதுன்னா இருவது. ஆனா ஆவன்னா எல்லாம் உங்க வூட்டுல போய்ப் படி. போ, போட்டுட்டு வா."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சொன்னதில் எனக்கே ஒரு திருப்தி. அவள் போய்விட்டாள். நான் அந்தச் சார்ட்டிலும் கையெழுத்துப் போட்டேன். பதினேழாம் நம்பர் படுக்கை, வைரக்கண்ணு.

வைரக்கண்ணு ரெட்டிபாளையத்துக்காரர். எனக்கும் அதே ஊர். சிமெண்ட் மூட்டை லாரியில் ஏற்றும் வேலை. காலில் ஆணி குத்தி, சர்க்கரை வியாதியால் ஆறாமல் புண்ணாகி, பத்து நாளாக வார்டில் இருந்தார். முதல் நாளே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "சின்னதுரை மவளா நீயி? ஒங்கப்பன் இப்படி மொறைக்க மாட்டானே" என்றார். வார்டிலேயே என்னைக் கிண்டல் பண்ணத் துணிந்த ஒரே ஆள்.

பத்தேகாலுக்கு அவர் மனைவி அமிர்தவல்லி கூப்பாடு போட்டார். ஓடினேன். சட்டை தொப்பலாக நனைந்து, கண் செருகிக் கிடந்தார் மனுசன். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை முப்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. குளுக்கோஸ் ஏற்றினோம். பத்து நிமிடத்தில் கண் திறந்து, "ஏன் எல்லாரும் சுத்தி நிக்கிறீங்க?" என்றார். சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று எல்லோரும் சமாதானம் சொல்லிக்கொண்டோம். நாலு இட்லி சாப்பிட்டார் என்று அமிர்தவல்லி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

பன்னிரண்டுக்கு மறுபடி விழுந்தார். நாற்பத்தொன்று. ஏற்றினோம், எழுந்தார். ஒரு மணிக்கு மறுபடி. இந்தத் தடவை குளுக்கோஸ் போன பிறகும் பேச்சு குழறியது. உடம்பு லேசாகச் சுட்டது.

டாக்டர் அரங்கநாதன் வந்தார். அவசரப்படுகிற ஆள் இல்லை. சார்ட்டை எடுத்து விரலை வைத்துப் பார்த்தார். "காலையில இன்சுலின் இருபது. ரெண்டு கையெழுத்தும் இருக்கு. அப்ப இன்சுலின்ல கோளாறு இல்ல" என்று அந்தப் பக்கத்தை மூடிவிட்டார். பிறகு காலைக் கட்டவிழ்த்து முகர்ந்து பார்த்தார். "புண்ணுல இருந்து கிருமி ரத்தத்துல ஏறிருக்கு. அதனாலதான் சர்க்கரை நிக்க மாட்டேங்குது. இங்க சர்ஜன் இல்ல. திருச்சிக்கு அனுப்பிடுவோம். இன்னிக்கே முழங்காலுக்குக் கீழ எடுத்துடணும். இல்லன்னா ஆளு தங்க மாட்டாரு."

ரெண்டரை மணிக்கு ஆம்புலன்ஸ் என்றார்கள்.

அமிர்தவல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சரம்மா, நம்ம ஊருப் புள்ள நீ. கால எடுத்துட்டா மூட்டை எப்படிம்மா தூக்குவாரு? வேற வழியே இல்லயான்னு கேட்டுச் சொல்லு." நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. என் மனசு அந்தச் சார்ட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. ரெண்டு கையெழுத்தும் இருக்கு. அதில் ஒன்று என்னுடையது, அந்தக் கையெழுத்து எதையும் பார்த்துப் போட்டதல்ல என்று எனக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியாது.

பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினேன். "பதினேழாம் பெட்டுக்கு யாரு ஊசி போட்டது?"

"நாந்தான் மேடம்." சத்யப்பிரியா.

"எவ்வளவு?"

"இருவது மேடம்."

"இருவதுதானா?"

"இருவது மேடம்." தரையைப் பார்த்தே சொன்னாள். உதடு வெளுத்திருந்தது. நான் பார்த்தேன், பார்த்தும் விட்டுவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் இருபது என்றதும் எனக்கு நிம்மதிதான் வந்தது. இருபது என்றால் என் கையெழுத்து தப்பித்தது. சாப்பிடப் போகச் சொன்னேன்.

சாப்பிட்டுத் திரும்பி வந்தது பதினொரு பேர்தான்.

"சத்யா எங்க?" என்று கேட்டேன். அவளுக்கு போன் பண்ணினேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. ஏழு தடவை. எட்டாவது தடவை சுவிட்ச் ஆஃப் ஆகிவிடுமோ என்று பயந்து நிறுத்தினேன். ஓடிப்போனவளிடம் எதுவோ இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் அவள் தட்டோடு வந்து நின்றதும், ஒரு டவுட்டு என்றதும், என்ன டவுட்டு என்று நான் கேட்கவே இல்லை என்பதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. குப்பைப் பெட்டியைக் கிளறலாம் என்று ஓடினேன். பதினோரு மணிக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் போட்ட ஊசியும் அதோடு போய்விட்டது. அவள் கை எதை இழுத்தது என்று இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மணி இரண்டு அடித்துப் பத்து நிமிடம்.

வேணி அவளுக்குத் தோழி, ஹாஸ்டலில் ஒரே அறை. அவளைத் தனியாக, படுக்கை விரிப்புகள் அடுக்கியிருக்கும் லினன் ரூமுக்குள் இழுத்துப் போனேன். "எங்க போனா?" என்று பல்லைக் கடித்தேன். அவள் தோள் சுவரோடு ஒட்டியது. நான் கத்தினால் இவள் இன்னும் உள்ளே போவாள் என்பது பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக என் கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? எனக்கு வேறு மாதிரிக் கேட்கவே தெரியாது.

"வேணி," என்றேன், "அந்த ஆளுக்குக் கால் போயிரும்மா. ஒருவேள தேவையே இல்லாம. ஒன் போனக் கொஞ்சம் குடுக்கிறியா? நான் கேட்டா அவ எடுக்க மாட்டா."

வேணி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு போனைத் திறந்து, அவளே நம்பரைப் போட்டு, என் கையில் கொடுத்தாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். "வேணி, மேடம் கண்டுபுடிச்சிட்டாங்களாடி?" பின்னால் பஸ் உறுமும் சத்தம். பெரம்பலூர், பெரம்பலூர் என்று கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார்.

எங்கடி போய்த் தொலைந்தாய் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"நான் ஜெயசித்ரா பேசுறேம்மா. கட் பண்ணிடாத சத்யா. ஒன்னத் திட்டல."

அவள் கட் பண்ணவில்லை.

"காலைல டவுட்டுன்னு வந்த. நான் என்னன்னு கேக்கல. ஒங் கையில ஊசி இருந்துச்சு. அதப் பாக்கணும், அதுதான் என் வேல. பாக்காமலே கையெழுத்துப் போட்டேன். இன்னிக்கு மட்டும் இல்ல, வருசமெல்லாம் அப்படித்தான் போட்டுக்கிட்டு இருக்கேன். இது எந் தப்பு. டாக்டர்கிட்டயும் அப்படித்தான் சொல்லப் போறேன். அந்த டவுட்ட இப்ப சொல்லும்மா."

"எங்கப்பாவ வரச் சொல்லுவீங்களா மேடம்?"

"சொல்ல மாட்டேன்."

"போன வருசம் வந்துட்டுப் போயி மூணு நாள் எங்கிட்டப் பேசல மேடம். வெங்காயக் கொல்லைக்குப் போயிட்டு வருவாரு, சாப்புடுவாரு, படுத்துக்குவாரு. என்னைப் பாக்கவே இல்ல."

"நான் கூப்புட மாட்டேன் சத்யா. சத்தியமா."

அதன் பிறகு அவள் ஒரே மூச்சில் கொட்டினாள். "அவரு பாட்டில் மட்டும் மாறியிருந்துச்சு மேடம். எப்பவும் நாப்பதுன்னு போட்டிருக்கும். இன்னிக்கு மெடிக்கல்லேர்ந்து வந்ததுல நூறுன்னு இருந்துச்சு. எந்த ஊசில இழுக்கிறதுன்னுதான் கேக்க வந்தேன். கேக்க முடியல. எப்பவும் போல செவப்பு மூடி ஊசிலயே இருவது கோடு வரைக்கும் இழுத்துட்டேன். அவரு மொத தடவ விழுந்தப்ப ஃப்ரிட்ஜத் தொறந்து பாத்தேன். ஆரஞ்சு மூடி ஊசி பக்கத்துலயே இருந்துச்சு மேடம். அப்பவே தெரிஞ்சிருச்சு. மூணு தடவ ஒங்க கிட்ட வந்தேன். வாயே வரல."

இன்சுலின் இரண்டு அடர்த்தியில் வரும். நாற்பது என்று போட்டதற்குச் சிவப்பு மூடி ஊசி, நூறு என்று போட்டதற்கு ஆரஞ்சு மூடி. கெட்டி மருந்தைச் சிவப்பு மூடியில் இருபது கோடு இழுத்தால் உள்ளே போவது ஐம்பது. இரண்டரை மடங்கு. காலையில் நான் கையை நீட்டி அந்த ஊசியை வாங்கியிருந்தால் மூன்று நொடியில் தெரிந்திருக்கும்.

"பஸ்ஸ விட்டு எறங்கு. ஆட்டோ புடிச்சு வந்துரு. நான் இங்க இருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

கீழே ஸ்ட்ரெச்சரை வண்டிக்குள் ஏற்றிவிட்டார்கள். ஒரு கதவு சாத்தியாகிவிட்டது. அமிர்தவல்லி துணிப்பையும் சொம்புமாக ஏறக் காலை வைத்திருந்தார். டாக்டரின் முன்னால் போய் நின்றேன். மூச்சு வாங்கியது.

"சார், கிருமி இல்ல சார். இன்சுலின். அம்பது யூனிட் போயிருக்கு."

"சார்ட்ல ரெண்டு கையெழுத்து இருந்துச்சே?"

"ரெண்டாவது என்னுது சார். ஊசியப் பாக்காமப் போட்டேன்."

அவர் என்னை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. "இதக் காலையில சொல்லியிருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வண்டியை நிறுத்தச் சொல்லி டிரைவருக்குக் கை காட்டினார். குளுக்கோஸை நிறுத்தாமல் சொட்டுச் சொட்டாக ஓட விட்டு, அரை மணிக்கு ஒரு தடவை விரலில் குத்திப் பார்க்கச் சொன்னார். "நின்னுச்சுன்னா காலத் தொட வேணாம். புண்ணுக்கு மருந்துக்கட்டே போதும். நிக்கலன்னா நான் சொன்னதுதான்."

அமிர்தவல்லியிடம் நானே சொன்னேன். முழுசாகச் சொன்னேன். அவர் துணிப்பையைக் கீழே வைத்தார். "அப்ப நல்ல கால எடுக்கத்தான் கொண்டு போனீங்களா?" என்றார். நல்ல கால் இல்லை, புண் கால்தான். ஆனால் எடுக்கத் தேவையில்லாத கால். "நம்ம ஊருப் புள்ளன்னு ஒன்னத்தானே நம்பிக் கெடந்தேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றரைக்கு எண்பத்தாறு. நாலுக்கு நூற்று ஐந்து. நாலரைக்கு நூற்றுப் பதினெட்டு. வைரக்கண்ணு கண் திறந்து தண்ணீர் கேட்டார். காலில் மருந்துக்கட்டு புதிதாகப் போட்டிருந்தார்கள். கால் இருந்தது.

டூட்டி முடிந்து பிள்ளைகள் பஸ்ஸுக்குப் போகாமல் நர்ஸ் மேசையைச் சுற்றி நின்றார்கள். சத்யப்பிரியா வந்தாள். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. யாரும் சொல்லாமலே தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். நான் அதை எடுத்து அவள் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

"இது வேணாம். இன்னிக்குக் கழட்ட வேண்டியது நாந்தான். எனக்குத் தொப்பி இல்லாமப் போச்சு."

ஒருத்தியும் சிரிக்கவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்தேன். எனக்கு என்ன தோன்றியதோ, கேட்டுவிட்டேன். "வேற யாருக்காவது... எங்கிட்டச் சொல்லாம விட்டது ஏதாச்சும் இருக்கா? யாரு அப்பாவயும் கூப்புட மாட்டேன்."

இல்லை என்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஏழு மாதமாகத் தப்பே இல்லாத பேட்ச்.

வேணி கையைத் தூக்கி, தலையில் குத்தியிருந்த கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்த அபிநயா வைத்தாள். பின்வரிசையில் இருந்து ஒருத்தி கையை நீட்டி வைத்தாள். அப்புறம் இன்னொருத்தி. நான் எண்ணவில்லை என்று சொன்னால் பொய். ஏழு தொப்பி. கடைசியாக வைத்தவள் தன்னுடையதை வைக்க இடமில்லாமல் மற்றவற்றின் மேல் வைத்தாள்.

ஏழு மாதம் என்னிடம் வராமல் போன சந்தேகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படுக்கை நம்பர் இருக்கும், ஒரு ஆள் இருப்பார், வீட்டுக்குப் போனாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நீங்களும் உக்காருங்க" என்றேன். வார்டில் பிள்ளைகள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. தயங்கித் தயங்கித் தரையிலேயே உட்கார்ந்தார்கள்.

"வேணி, மொதல்ல நீ சொல்லும்மா. எந்தப் பெட்டு?"